கயிறு இருக்கு, எருமை எங்கே?

1

ஆடி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் எங்கள் தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. கேட்டதும் நான் செய்த காரியத்தை என் பேரப்பிள்ளைகள் பினாங்கு முழுக்கச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. ஊரில் இருக்கும் நீங்கள் மட்டும் ஏன் பாக்கி? அடுப்படியில் இருந்த பித்தளை அண்டாவைக் கவிழ்த்தேன். அதன்மேல் பழைய சேலை ஒன்றை விரித்தேன். ஏறி உட்கார்ந்துகொண்டேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்து நெருப்பையே அணைத்தது. நான் இறங்கவில்லை.

பேத்தி ஓடி வந்தாள். சீனர்களுடைய சாமி ஊர்வலம் போகிறது, வாசலுக்கு வந்து பார் என்றாள்.

"சாமி போனாப் போகட்டும். அமீனா போயிட்டானான்னு பாத்துட்டு வா" என்றேன்.

அமீனா என்றால் யார் என்று அவளுக்குத் தெரியாது. கொடுத்துவைத்த பிள்ளை. கோர்ட்டு உத்தரவை எடுத்துக்கொண்டு, தமுக்கடித்து ஊரைக் கூட்டி, வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வருகிறவர் அமீனா. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பிறகு நாங்கள் கப்பலேறினோம். நான், என் வீட்டுக்காரர், மகன், மூன்று பேருக்கும் டிக்கெட் வாங்கினோம். அந்தத் தமுக்கு மட்டும் டிக்கெட் இல்லாமலே கூட வந்துவிட்டது.

சீனர்களுக்கு அது பேய் மாதம். செத்தவர்கள் எல்லாரும் பசியோடு வீடு தேடி வருவார்களாம். வாசலில் சோறு படைக்கிறார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், அந்த உலகத்தில் செலவுக்கு ஆகட்டும் என்று காகிதப் பணத்தைக் கட்டுக்கட்டாக எரிக்கிறார்கள். அவர்களுடைய பேய்கள் யோகக்காரப் பேய்கள், ஒன்றுகூடத் திவாலாகாது. நம்முடையதற்கு அந்த வசதி இல்லை. நம் வீட்டுக்கு வருகிற பேய் கணக்குக் கேட்கத்தான் வரும்.

அன்று சாப்பிடும்போது மகன் ஒரு செய்தி சொன்னான். அவன் இங்கே ஒரு கிடங்கில் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் குமாஸ்தா.

"ஆத்தா, இந்த ஆடியோட பன்னெண்டு வருசம் முடிஞ்சிருச்சு. இனிமே கோர்ட்டு நம்மள ஒண்ணும் கேக்க முடியாது."

"கோர்ட்டு கேக்காது. சீனியம்மா கேப்பாளே" என்றேன்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

இந்தக் கதையை எழுதிவிட வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. நான் படித்தது மணலில் எழுதிய அரிச்சுவடியோடு சரி. ஆனாலும் ஊரில் யாருக்காவது வியாபாரம் முங்கிக்கொண்டிருந்தால் இது உதவும். முங்காதவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்த வருஷம் மழை பொய்த்தால் திரும்ப எடுத்து வாசிப்பீர்கள்.

2

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்ல மாட்டேன். கோர்ட்டிலேயே சொல்லவில்லை, உங்களிடமா சொல்லப் போகிறேன்.

அவருக்குப் பருத்தி வியாபாரம். ஆலங்குளம் பக்கமும் மம்சாபுரம் பக்கமும் விதைக்கும்போதே வெள்ளாமைக்காரச் சம்சாரிகளுக்கு முன்பணம் கொடுப்பார். வெடித்த பருத்தியை வாங்கி, வண்டியில் ஏற்றிச் சாத்தூருக்கு அனுப்புவார். முன்பணம் கொடுக்க அவரிடம் ஏது பணம்? ஒரு பெரிய லேவாதேவிக்காரரிடம் வட்டிக்கு வாங்குவார். மழை பெய்தால் எல்லாரும் யோக்கியர்கள். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் பெய்யவில்லை. காட்டில் பருத்திமார் குச்சிதான் நின்றது. கொடுத்த முன்பணம் மண்ணோடு போயிற்று. வாங்கிய கடன் மட்டும் மழை இல்லாமலே நன்றாக விளைந்தது.

சீனியம்மா மம்சாபுரத்துக்காரி. பருத்தி எடுக்க வருவாள். புருஷன் இல்லை, பேச்சி என்று ஒரே மகள். ஒவ்வொரு வெள்ளாமைக்கும் கூலியில் கொஞ்சத்தை எங்கள் வீட்டில் கொடுத்து வைப்பாள். கூரை வீட்டில் வைத்தால் எலி தின்னும், அண்ணன் வீட்டில் வைத்தால் அண்ணன் தின்பான் என்பாள். எல்லாம் பேச்சியின் கல்யாணத்துக்கு. சீட்டு எழுதித் தருகிறேன் என்று இவர் சொன்னால், தனக்கா படிக்கத் தெரியும், முதலாளி வாய்ச்சொல் போதும் என்றுவிடுவாள்.

லேவாதேவிக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டில் டிக்கிரி, அதாவது வசூல் தீர்ப்பு, வாங்கிவிட்டார் என்று சேதி வந்த மறுநாள், விடிந்தும் விடியாமல், இவர் தொழுவத்துக்குப் போனார். எங்கள் எருமையை அவிழ்த்தார். வேளைக்கு ஒரு செம்பு நிறையக் கறக்கிற எருமை. மம்சாபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சீனியம்மா வாசலில் விட்டார். பணமாகத் தர வழியில்லை, பாலை விற்று மகள் கல்யாணத்தை முடித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். அவள் வேண்டாம் என்றாளாம். இவர் கேட்கவில்லை.

இங்கேதான் நம் ஊர்க்காரர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்றைச் செய்தார். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது அல்லவா? கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுவாள். சீனியம்மா ஒரு புதுக்கயிறு கொண்டு வந்தாள். அதை எருமைக்குப் போட்டுவிட்டு, பழைய கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வந்தார். தொழுவத்து முளையில் பழையபடி மாட்டினார். லட்சுமி போய் ரொம்ப நாளாகியிருந்தது. கயிறு மட்டும் அவள் வருவாள் என்று காத்துக்கொண்டு தொங்கியது.

3

பினாங்கில் பிள்ளைகள் என் காதைப் பிடித்து விளையாடுவார்கள். பாம்படம் போட்டு வளர்த்த காது, தோள்வரை தொங்கும். இப்போது வெறும் ஓட்டைதான். பேரன் அதற்குள் விரலை விட்டு, இது எதற்கு என்பான். காற்று போகத்தான் என்பேன். உண்மையைச் சொல்கிறேன்: ஒரு காது வக்கீலுக்குப் போனது, மறு காது கப்பலுக்குப் போனது. எப்படி என்று கேளுங்கள்.

அமீனா தமுக்கோடு வந்தார். கெட்டவர் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். லேவாதேவிக்காரருடைய ஆள் மட்டும் செருப்போடு வந்தான். கட்டில், பெஞ்சு, பெரிய தராசு, படிக்கல் என்று எழுதிக்கொண்டே வந்தார்கள். நான் அண்டாமேல் உட்கார்ந்திருந்தேன். இறங்கச் சொன்னார். இது என் அப்பா வீட்டுச் சீர் என்றேன். புரட்டிப் பார்த்தார். விளிம்பில் என் அப்பா பெயர் வெட்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த சாமானுக்குப் போனார்.

கடைசியில் தொழுவம். காடித் தொட்டியில் தண்ணீர் வற்றவில்லை. முளையில் கயிறு, எருமையின் கழுத்து உராய்ந்து உராய்ந்து எண்ணெய் தேய்த்ததுபோல வழுவழுவென்று தொங்கியது. லேவாதேவிக்காரருடைய ஆள் அதை எடுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தான்.

"கயிறு இருக்கு, எருமை எங்கே?" என்றான்.

இவர் கயிற்றை வாங்கக் கை நீட்டினார். அவன் தராமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு வாரத்துக்குள் வாரண்டு வந்தது. இவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். நானும் அதே வண்டியில் ஏறிக்கொண்டேன். பொம்பளைக்கு வாரண்டு இல்லையே என்று அமீனா சொன்னார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பொண்டாட்டி வரக்கூடாதா என்றேன். அவர் சிரித்து, ஓரமாக இடம் விட்டார்.

அந்த ஊர் மடவார் வளாகத்தில் ஒரு வக்கீல் இருந்தார். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் சிரிக்கிற பழக்கம் அவருக்கு. அன்று அவர் நிறையச் சிரித்தார்.

முதலில், ஜெயிலில் வைத்தால் இவருடைய சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவர்தான் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்றார். கட்டத் தவறினால் விட்டுவிடுவார்களாம்.

"அப்பிடின்னா கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும் அய்யா. வீட்டுல அரிசி இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதனால் அடுத்தது நல்ல செய்தி என்று தெரிந்துகொண்டேன். ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று கேவலமாகப் பேசுகிறோமே, அது கேவலம் இல்லை, சட்டத்தில் உள்ள வழி என்றார். என்னிடம் இருப்பது இவ்வளவு, நான் கொடுக்க வேண்டியவர்கள் இன்னின்னார், என்னால் முடியவில்லை, நீங்களே எடுத்துப் பங்கு வைத்துக் கொடுங்கள் என்று கோர்ட்டின் காலடியில் வைப்பது. யோக்கியமாக வைத்தால் ஜெயில் இல்லை. என் பாம்படமும் சீர்ப் பாத்திரமும் பெண்ணுக்கு வந்த சொத்து, புருஷன் கடனுக்கு அதைத் தொட முடியாது என்றும் சொன்னார். பயத்தில் அவற்றை யார் வீட்டிலும் ஒளித்து வைக்காதீர்கள், ஒளித்தால் உங்களுடையதே திருட்டுச் சொத்து மாதிரி ஆகிவிடும் என்றார். இதை மட்டும் தெருத்தெருவாகச் சொல்லுங்கள். எத்தனை பெண்கள் பயந்துபோய்க் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள்!

பிறகு இருப்பதையெல்லாம் ஒரு ஜாபிதாவாக எழுதச் சொன்னார்.

"ஓய், ஒரு பிடி மண்ணு இருந்தாக்கூட எழுதணும். விட்டுப்போச்சுன்னா மறைச்சதா அர்த்தம்."

எழுதி முடித்ததும், கை முடங்கியது தெரிந்த பிறகு யாருக்காவது ஏதாவது கொடுத்தீரா என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்தார். நான் எருமையைச் சொன்னேன். கயிற்றையும் சொன்னேன்.

வக்கீல் வெகுநேரம் சிரித்தார்.

முங்குகிற வியாபாரி ஒரு கடன்காரருக்கு மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாதாம். எல்லாரும் ஒரே வரிசை. எதிர்க்கட்சிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்பார். எருமை செத்துவிட்டது, விற்றுவிட்டேன் என்று பொய் சொன்னால் மனு தள்ளுபடி. மறைத்ததற்குத் தனியாக ஜெயில். அவர்கள் கேட்குமுன் நாமே சொல்லி, எருமையைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் தப்பிக்கலாம். சீனியம்மாவும் மற்றவர்களைப் போல ஒரு கடன்காரியாக வந்து பங்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"அந்தப் பெரிய மனுசனுக்கும் அவளுக்கும் ஒரே தராசாய்யா?" இவர் கேட்டார். "நான் ஜெயிலுக்கே போறேன். எருமை அங்கன நிக்கட்டும்."

"நீர் ஜெயிலுக்குப் போனாலும் எருமை அங்க நிக்காது ஓய். அமீனா போய் அவுத்துட்டு வந்துருவான். நீரும் போவீர், எருமையும் போகும்."

வக்கீல் பீஸை முன்னாலேயே கேட்டார். திவாலாகிறவனிடம் முன்பணமா என்றேன். மனு கொடுத்த பிறகு கேட்டால் நானும் ஜாபிதாவில் ஒரு கடன்காரனாகிவிடுவேன், ரூபாய்க்கு ரெண்டு அணாதான் வரும் என்றார். அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கேயே இடது காதுப் பாம்படத்தைக் கழற்றினேன்.

4

இங்கே வந்த புதிதில் மலாய்ப் பேச்சு எனக்கு வாய்க்குள் நிற்காது. மீன்காரியிடம் போய் அனாக் என்ன விலை என்று கேட்டேன். மீனுக்கு இகான் என்று சொல்ல வேண்டும், அனாக் என்றால் பிள்ளை. அவள் இடுப்பில் ஒரு பிள்ளையை வைத்திருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இன்றுவரை அவள் கடைப்பக்கம் போனால் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவாள். வாங்க வந்தவளைப் பார்த்து ஒருத்தி தன்னுடையதை இறுக்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று நான் அதற்கு முன்பே பார்த்தவள். பார்த்தது மம்சாபுரத்தில்.

மனு கொடுக்கும்வரை கோர்ட்டு இவரை ஜாமீனில் விட்டிருந்தது. எருமையைக் கேட்டு வர இவருக்குக் கால் வரவில்லை. கோர்ட்டு ஆள் போய் இழுத்து வருவதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்வது மரியாதை என்று நான் போனேன். சீனியம்மா சாயங்காலப் பால் கறந்துகொண்டிருந்தாள். பேச்சி தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டு எருமையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். கல்யாண வயசு வந்த பெண். எருமைக்கு நெற்றியில் மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள்.

"வாங்க ஆச்சி. எருமையப் பாக்க வந்தீகளா? பழகுன கழுதல்லா, தேடத்தான் செய்யும்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பேச்சி எருமையின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். சீனியம்மா கறப்பதை நிறுத்தவில்லை. காம்பு வற்றும்வரை கறந்தாள். செம்பை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எருமை ஒங்களுதுன்னா பாலும் ஒங்களுதுதான ஆச்சி. இதயும் கோர்ட்டுல எழுதிருங்க."

பிறகு எழுந்து, எருமையின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தாள்.

"கயிறு என்னுது. மாட்டக் குடுத்தாலும் கயிறக் குடுக்கப்பிடாதுல்லா?"

அவ்வளவுதான் பேசினாள். கயிறில்லாத எருமையை எப்படி ஓட்டிப்போவேன் என்று நின்றேன். ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. நான் நடந்தேன், அது பின்னாலேயே வந்தது. வழி அதற்குத் தெரிந்திருந்தது. ராஜபாளையம் வருகிறவரை அதன் மூச்சு என் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது. இப்போதும் பினாங்கில் மழைக்கு முந்தி முதுகில் சூடாக ஒரு காற்று படும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

செம்புப் பாலை யாரும் குடிக்கவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. விடிந்து பார்த்தபோது திரிந்திருந்தது.

5

கோர்ட்டில் சீர்ப் பாத்திரத்துக்குச் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். புருஷன் பெயர் என்ன என்று குமாஸ்தா கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். சொல்லாமல் எழுத முடியாது என்றார்.

"முருகன் கோவணத்தோட நிக்கிற ஊரு" என்றேன். "எங்க வீட்டு அவியளும் இப்ப அப்பிடித்தான் நிக்காவ."

முன்சீப்பு அய்யாவே சிரித்துவிட்டார். குமாஸ்தா பழனி என்று எழுதிக்கொண்டார். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

எதிர்க்கட்சி வக்கீல் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்திருந்தார். எங்கள் பழைய கயிறு அதற்குள் இருந்தது. அவர் எழுந்திருக்கும் முன்பே இவர் எருமையைப் பற்றித் தானாகச் சொன்னார்: தெரிந்தேதான் கொடுத்தேன், பாவம் பார்த்துக் கொடுத்தேன், இப்போது திரும்பக் கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். அந்த வக்கீல் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் வக்கீலின் சாமர்த்தியம் அவ்வளவும் அதில்தான் இருந்தது. வக்கீல் என்றால் பொய்யை ஜோடித்துக் கொடுப்பவர் என்று நினைத்திருந்தேன். உண்மையை எந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவும் வக்கீல் வேண்டியிருக்கிறது.

உத்தரவு ஆயிற்று. ஜெயில் இல்லை. வீட்டையும் எருமையையும் ஏலம் போட்டு எல்லாருக்கும் பங்கு. பிற்பாடு இவர் சம்பாதித்தால், கடனில் மூன்றில் ஒரு பங்கு அடைகிறவரை, இல்லாவிட்டால் பன்னிரண்டு வருஷம் முடிகிறவரை, கடன்காரர்கள் அதைக் கேட்கலாம். பாண்டவர்களுக்கும் நமக்கும் ஒரே கணக்கு.

சீனியம்மாவும் அன்று வந்திருந்தாள். சீட்டு இல்லாத கடன். இவர் ஒப்புக்கொண்டதால் ஜாபிதாவில் ஏறியது. பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வக்கீலிடம் வந்தாள்.

"பெரிய மொதலாளிக்கும் எனக்கும் ஒண்ணு போலயாய்யா?"

"ஒண்ணு போலத்தாம்மா. அதுதான் சட்டம்."

"நல்ல சட்டம்" என்றாள். கேலியா நிசமா என்று வக்கீலுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஏலத்தன்று தமுக்கு அடித்தது. எருமையை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு அது தொழுவத்துக்குள் ஓடிப்போய்த் தன் முளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. வெளியே இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. யாரோ வெளியூர் வியாபாரி வாங்கினான். சீனியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வாசலில் குனிந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

கூட்டம் அப்படியே பின்னால் போயிற்று. மண்ணை வாரித் தூற்றினால் அந்தக் குடி விளங்காது என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ராஜு அம்மா தெலுங்கில் ஏதோ சாமியைக் கூப்பிட்டாள். இவர் தலையைக் குனிந்து, வாங்கிக்கொள்கிறவர் மாதிரி நின்றார். நான் தோளுக்கு மேல் வளர்ந்த மகனை என் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

அவள் தூற்றவில்லை. கையை மூடியபடியே செத்த நேரம் நின்றாள். பிறகு முந்தானை நுனியில் அந்த மண்ணை வைத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள். இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தூற்றியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

6

மறு காதுப் பாம்படத்தை விற்றுக் கப்பலேறினோம். இவருக்குச் சூலியா தெருவில் ஒரு மளிகைக் கிடங்கில் கணக்குப்பிள்ளை வேலை. பெரிய கடன்காரரும் ஒன்றிரண்டு பேரும் கடிதம் போட்டார்கள், முடிந்ததை அனுப்பினார். சீனியம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி இவராகவே அவளுக்கு மணியார்டர் செய்வார். தபாலாபீஸில் வெள்ளைக்கார துரைக்குக் கீழே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். பணம் வாங்குகிறவர் என்ன உறவு என்று கேட்பார். இவர் விழிப்பார். அத்தை என்று எழுதுங்கள் என்பேன் நான். அடுத்த வருஷம் சித்தி என்பேன். பணம் போன கப்பலுக்கு அடுத்த கப்பலில் திரும்பி வரும். பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் அந்த இங்கிலீஷ் முத்திரையைப் படித்துச் சொன்னாள்:

"வேண்டாம்னு போட்டிருக்கு அப்பத்தா."

இங்கே எங்களுக்கு எது நடந்தாலும் எனக்கு அந்த முடிச்சுதான் ஞாபகம் வரும். மருமகளுக்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. இன்றைக்கு அவிழ்த்துவிட்டாளோ என்று நினைத்தேன். மகனுக்கு வேலை போனது. இன்றைக்கோ என்றேன். நல்லது நடந்தாலும் பயம்தான். இன்னும் அவிழ்க்கவில்லை, இனிமேல்தான் என்று. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கேலி பேசுகிற கிழவிக்கு ஒரு வசதி உண்டு: அவள் நடுங்கினாலும் சிரிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

இவர் காய்ச்சலில் போனார். கடைசி நாள் வலது கையை விரித்து விரித்து மூடினார். தண்ணீர் கேட்கிறார் என்று மருமகள் செம்பை எடுத்து வந்தாள். அவர் கேட்டது தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

7

புரட்டாசியில் ஒரு பொம்பளை எங்கள் வாசலில் நின்றாள். நெற்றியோரம் நரைத்திருந்தது. ஊர்ச் சேலைக்கட்டு. யார் என்று கேட்டேன்.

"பேச்சி, ஆச்சி. மம்சாபுரம்."

என் முதுகில் சூடாகக் காற்று பட்டது. மழை இல்லை.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். புருஷனுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்து வந்திருக்கிறார்களாம். கல்யாணம் ரொம்பப் பிந்தித்தான் நடந்தது என்றாள். குறை சொல்கிற மாதிரிச் சொல்லவில்லை. மழை பிந்தியது என்பதைப் போலச் சொன்னாள். பேத்தி அவளுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, மலாயும் தமிழும் கலந்து ஏதோ கேட்டாள். பேச்சி புரியாமல் என்னைப் பார்த்தாள்.

சீனியம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்குப் பதிலாக, மணியார்டரை ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"தபால்காரர் வந்தா எங்காத்தா ஒண்ணுதான் கேப்பா. மத்தக் கடன்காரவுக எல்லாத்துக்கும் இம்புட்டும் வந்திருக்கான்னு. அவரு தெரியாதும்பாரு. அப்ப எனக்கு மட்டும் என்னத்துக்கு, எல்லாரும் ஒண்ணு போலன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டாகளேன்னு திருப்பி விட்டுருவா."

சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஆத்தா பங்குனியில போய்ச் சேந்துட்டா ஆச்சி" என்றாள் பேச்சி. மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து என் முன்னால் வைத்தாள். பழைய சேலையின் முந்தானை நுனி, கத்தரித்து எடுத்தது. முடிச்சு இறுகி, கல் மாதிரி ஆகியிருந்தது.

"பினாங்குக்குப் போனா இத ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னா. தூத்தணும்னுதான் அள்ளுனாளாம். மொதலாளி தலையக் குனிஞ்சுட்டு நின்னாகளாம், கை வரலையாம். அவுக வீட்டு மண்ணு, இம்புட்டு நாளு பத்திரமா வச்சிருந்தேன், வட்டி வேண்டாம்னு சொல்லுன்னா."

நான் அதை எடுக்கவில்லை. பேச்சிதான் என் கையை விரித்து, அதற்குள் வைத்து, விரல்களை மடக்கினாள். அவர் கடைசியாகக் கேட்டது அவர் போன பிறகு வந்து சேர்ந்தது.

பேரன் தொட்டுப் பார்த்து, தானாவா என்றான். மலாயில் மண்ணுக்கு அதுதான் பெயர். ஆமாம், நம் வீடு என்றேன். இவ்வளவு சின்னதா என்றான்.

முடிச்சை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. தூற்றாத மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று எந்த வக்கீலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மடவார் வளாகத்து வக்கீலய்யா உயிரோடு இருந்தால் யாராவது போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஒரு பிடி மண் இருந்தாலும் எழுதச் சொன்னார், ஜாபிதாவில் அது விட்டுப்போயிற்று. வேண்டுமென்று மறைக்கவில்லை. அது எங்களுடையது என்று அப்போது எங்களுக்கே தெரியாது.

ஐப்பசி பிறந்ததும் தெருவில் மறுபடியும் தமுக்கு அடித்தது. அண்டா அடுப்படியில் நிமிர்ந்தபடியே இருந்தது. முடிச்சை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு நானே வாசலுக்குப் போனேன். பேத்தி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அமீனாவா அப்பத்தா?"

"வந்தா வரட்டும். பன்னெண்டு வருசம் முடிஞ்சிருச்சு" என்றேன்.

ஊர்வலம் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். ஒரு கை அவளிடம் இருந்தது. இன்னொரு கை மடியை விடவில்லை.